பீரோவுக்குள் ஒரு பகல்

எனக்குச் சொந்தமான முதல் நிலத்துக்கு இரண்டு கதவுகள். ஒன்றில் ஆளுயரக் கண்ணாடி, மற்றதில் மயில் படம். என் கல்யாணத்துக்கு அம்மா சீராகக் கொடுத்த இரும்பு பீரோ அது. அதற்குள் சாமந்தி வளர்க்கிறேன் என்று சொன்னபோது கம்பெனி பஸ்ஸில் முதலில் யாரும் நம்பவில்லை. நம்பியவர்கள் எனக்கு மறை கழன்றுவிட்டது என்று பேசிக்கொண்டார்கள். இரண்டு கூட்டத்தையும் நான் கண்டுகொள்ளவில்லை. அந்தச் சில மாதங்கள் என் கால் தரையில் பாவவே இல்லை.

உத்திரமேரூரிலிருந்து திருப்புலிவனம் போகிற வழியில், ரோட்டைவிட்டுக் கொஞ்சம் உள்ளே தள்ளி இருக்கிறது எங்கள் தெரு. வீட்டுக்கும் வீட்டுக்கும் நடுவில் ஒரே சுவர். கூரை எல்லாம் சிமெண்ட் ஷீட், மேலே தொட்டி வைக்க வழியில்லை. வாசலில் எதை நட்டாலும் காலையில் ஆடு சாப்பிட்டு முடித்திருக்கும், மிச்சத்தைக் கோழி கிளறிவிடும். தெரு முடிகிற இடத்தில் வயல் தொடங்குகிறது, கண்ணுக்கெட்டிய தூரம் வரைக்கும் வயல்தான். அதில் நாற்று நடுவதும் களை எடுப்பதும் அறுப்பதும் எங்கள் தெரு. ஒரு வரப்புகூட எங்கள் தெருவில் யாருடையதும் இல்லை.

அம்மா எங்கள் வீட்டுக்கு இரண்டு வீடு தள்ளி இருக்கிறாள். அவளுக்கு வேலை பூத்தோட்டத்தில். மல்லி, கனகாம்பரம், சாமந்தி, எது பூக்கிறதோ அதைப் பறிப்பாள். விடிவதற்கு முன்னால் கிளம்பிப் போய்விடுவாள். காய்ச்சல் என்றாலும் போவாள், என் கல்யாணத்துக்கு மறுநாளும் போனாள். பறித்து முடித்து வெளியே வரும்போது பெண்கள் எல்லோரும் வேலியோரம் நின்று மடியை உதறிக் காட்டிவிட்டு வர வேண்டும். அது அந்தத் தோட்டத்து வழக்கம். இப்போது யாரும் உதறச் சொல்வதுகூட இல்லை, அவர்களாகவே உதறுகிறார்கள். சின்ன வயதில் சோறு எடுத்துக்கொண்டு போகும்போதெல்லாம் அதைப் பார்த்திருக்கிறேன். அம்மா பக்கத்தில் இருப்பவளோடு சிரித்துப் பேசிக்கொண்டே உதறுவாள். எனக்குத்தான் பற்றிக்கொண்டு வரும். இன்றைக்கு நினைத்தாலும் வருகிறது.

என் ஆசை பெரிய ஆசை இல்லை. அம்மா ஒரு தடவையாவது தன்னுடைய பூவைப் பறிக்க வேண்டும். கடையில் வாங்கிக் கொடுத்த பூ கணக்கில் சேராது. செடியில் இருக்கிற பூ, அவளே கை வைத்து எடுக்க வேண்டும், எடுத்த பிறகு யாருக்கும் எதையும் காட்ட வேண்டியதில்லை. இதற்கு நிலம் வேண்டும் என்றுதான் பல வருடம் நினைத்துக்கொண்டிருந்தேன்.

நிலம் வேண்டாம் என்று எனக்குச் சொன்னது ஒரு வெள்ளைக்காரப் பையனுடைய வீடியோ. ஒரகடத்துக் கம்பெனியில் எனக்கு ஜெனரல் ஷிப்ட். போக வர பஸ்ஸில் போனைப் பார்ப்பதைத் தவிர வேறு வேலை இல்லை. அந்தப் பையன் துணி அலமாரிக்குள் லைட்டைக் கட்டித் தொங்கவிட்டு, உள்ளே செடி வளர்த்துக்கொண்டிருந்தான். எந்த லைட் நல்லது, எவ்வளவு உயரத்தில் கட்டுவது, எத்தனை மணி நேரம் போடுவது என்று ஒவ்வொன்றாகக் காட்டினான். இங்கிலீஷ் பாதி புரிந்தது, பாதியை அவன் கை காட்டுவதிலிருந்து பிடித்துக்கொண்டேன். வாலாஜாபாத் தாண்டும்போது பக்கத்தில் இருந்தவள் என் போனை எட்டிப் பார்த்துவிட்டு, "ஏமே, இது கஞ்சா செடிமே" என்றாள். பஸ்ஸே திரும்பிப் பார்த்தது. எனக்கு முகம் சூடாகிவிட்டது. ஆனால் போனை அணைக்க மனம் வரவில்லை. அவன் சொன்ன ஒரு விஷயம் என்னைப் பிடித்துக்கொண்டது. இந்தச் செடிக்கு இரவு நீண்டால்தான் பூ வரும், வெளிச்சத்தைக் குறைத்து இரவை நீட்டிக் கொடுத்தால் நாம் சொல்கிற மாதத்தில் பூக்கும் என்றான்.

இதையே நான் வேறு ஒரு இடத்தில் பார்த்திருக்கிறேன். ஓசூர்ப் பக்கம் சாமந்தித் தோட்டத்தில் ராத்திரி முழுக்க பல்பு எரியவிடுவதைப் பற்றிய வீடியோ அது. வெளிச்சம் இருக்கிறவரை சாமந்தி பூக்காது, சந்தையில் விலை ஏறுகிறவரை அதைப் பூக்கவிடாமல் நிறுத்தி வைக்கிறார்கள். இரண்டையும் சேர்த்துப் பார்த்தேன். கஞ்சாவுக்கு என்ன கணக்கோ அதே கணக்குதான் சாமந்திக்கும்! பஸ்ஸில் எழுந்து நின்று கத்தலாம் போலிருந்தது. அவன் செடி அவனோடு போகட்டும், அவன் அலமாரி எனக்கு வேண்டும்.

வீட்டுக்கு வந்ததும் பீரோவைத் திறந்து துணியை எல்லாம் வாரி வெளியே போட்டேன். என் வீட்டுக்காரர் வயரிங் வேலை செய்கிறவர். கதவோரம் நின்று பார்த்துக்கொண்டிருந்தார்.

"இன்னாமே பண்ற?"

"இதுல சாமந்தி வெக்கப்போறேன். நீ லைட்டு போட்டுக் குடு."

அவர் ஒரு நிமிஷம் யோசித்தார். ஏன் எதற்கு என்று கேட்பார் என்று சண்டைக்குத் தயாராக நின்றேன். அவர் கேட்டது, "எர்த்து குடுக்கணுமே, இரும்பாச்சே" என்பதுதான். இந்த ஆளைக் கட்டியதற்கு நான் சந்தோஷப்பட்ட நாட்களில் அதுவும் ஒன்று.

அம்மா வந்தபோது நடுத்தட்டு இரண்டையும் ரம்பத்தால் அறுத்து எடுத்திருந்தோம். அவள் பீரோவைப் பார்த்தாள், கீழே கிடந்த தட்டைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள். பல வருஷம் பூப்பறித்துச் சீட்டு கட்டி வாங்கிய பீரோ.

"துணி வெக்கிற பீரோவுல மண்ண வெக்கிறியாடி? உனுக்கு புத்தி கித்தி கீதா?"

"பூ வரும்மா. நீயே பறிக்கலாம்."

"நான் பறிக்காத பூவா? அதான் தெனம் பறிச்சிக்கினு கீறேனே." போய்விட்டாள். அதற்குப் பிறகு வழக்கம்போல தினமும் எங்கள் வீட்டுக்கு வருவாள், டீ குடிப்பாள், ஆனால் பீரோவுக்கு முதுகைக் காட்டிக்கொண்டுதான் உட்காருவாள். திறந்து காட்டினால் சேலைத் தலைப்பைச் சரிசெய்துகொண்டு எழுந்து போய்விடுவாள். இது பூக்கவில்லை என்றால் அவள் பீரோவை நாசம் பண்ணியதுதான் மிச்சம் என்று எனக்கு நன்றாகத் தெரிந்தது. அதனால்தான் லைட் விஷயத்தில் அவ்வளவு பாடுபட்டேன்.

முதலில் வந்தது பந்தல் போடுகிறவரிடம் இரவல் வாங்கிய ஃபோகஸ் லைட். கல்யாண மேடைக்கு அடிக்கிற லைட். வெளிச்சம் என்றால் அப்படி ஒரு வெளிச்சம், பீரோவைத் திறந்தால் கண் கூசியது. நான் கைதட்டினேன். சாயங்காலம் கம்பெனியிலிருந்து வந்து பார்த்தால் கண்ணாடிக் கதவைத் தொட முடியவில்லை, இஸ்திரிப் பெட்டி மாதிரி கொதித்தது. சோதித்துப் பார்க்க வைத்திருந்த இரண்டு தக்காளிச் செடியும் அப்பளமாகிவிட்டன. நல்லவேளை, சாமந்தி இன்னும் வாங்கவில்லை.

அடுத்தது காஞ்சிபுரம் கடையில் வாங்கிய ஊதா லைட். செடிக்கென்றே விற்கிற லைட் என்று கடைக்காரர் சொன்னார். சிவப்பும் நீலமுமாகப் பொட்டுப் பொட்டாக மணி, போட்டால் அறையே கத்திரிப்பூ நிறத்தில் மிதந்தது. இது சூடாகவில்லை. கஞ்சாப் பையன்கள் பாதிப் பேர் இதைத்தான் வைத்திருந்தார்கள், எனக்கும் பெருமையாக இருந்தது. ஆனால் ஜன்னல் வழியாக அந்த ஊதா தெருவில் விழுந்தது. பக்கத்து வீட்டு அக்கா வாசலில் நின்று குரல் கொடுத்தாள்.

"இன்னாமே, உங்க வூட்ல ரெக்கார்டு டான்சா? டிக்கெட்டு எவ்ளோ?"

என் வீட்டுக்காரருக்கு வேறு கவலை. "தோ பாரு, வீடியோல கீற செடி வேற, நம்ம செடி வேற. எவனாவது போலீசுல போட்டுக் குடுத்தா அத்த யாரு போய் சொல்றது?"

"பூத்துச்சினா பூவே சொல்லும், போய்யா" என்றேன்.

ஊதாவை நான் கழற்றியது போலீசுக்குப் பயந்து இல்லை. சந்தையில் ஒரு முழம் மஞ்சள் சாமந்தி வாங்கி வந்து அந்த லைட்டில் பிடித்துப் பார்த்தேன். மஞ்சளைக் காணோம். காய்ந்துபோன ஏதோ ஒரு செங்கல் நிறம். இலை கறுப்பாகத் தெரிந்தது. பூத்தே பூத்தாலும் அம்மா இதைப் பூ என்று ஒத்துக்கொள்ள மாட்டாள் என்று அந்த நிமிஷமே முடிவாகிவிட்டது. அவளுக்கு நிறத்தில் ஒரு துளி வித்தியாசம் இருந்தால் தெரியும். செடிக்குப் பிடித்தால் போதாது, அம்மா கண்ணுக்கும் பிடிக்க வேண்டும். வீடியோவில் யாருக்கும் இந்தப் பிரச்சினை இல்லை.

கடைசியில் வெள்ளை டியூப். எல்.ஈ.டி. டியூப்தான், எல்லார் வீட்டிலும் கூடத்தில் எரிவது. மூன்று வெள்ளை, ஒன்று கொஞ்சம் மஞ்சள் கலந்தது. பூக்கிற காலத்தில் மஞ்சள் கலந்த வெளிச்சம் நல்லது என்று படித்திருந்தேன். என் வீட்டுக்காரர் நான்கையும் ஒரு சட்டத்தில் கட்டி, பீரோ உச்சியில் தொட்டில் கொக்கி ஒன்றை மாட்டி, அதில் சங்கிலி போட்டுத் தொங்கவிட்டார். செடி வளர வளரச் சட்டத்தை மேலே ஏற்றிக்கொள்ளலாம். பீரோ உள்ளே முழுக்க வெள்ளை பெயிண்ட் அடித்தோம். முதுகுப் பக்கம் ஒரு ஓட்டை போட்டுப் பழைய கம்ப்யூட்டர் ஃபேன் ஒன்றை வைத்தார். எர்த் வயரை மறக்காமல் கொடுத்தார், கொடுத்ததை மூன்று தடவை என்னிடம் சொன்னார். மின்வாரியம் தருகிற இலவச யூனிட்டுக்குள்ளேயே அடங்கிவிடும் என்றும் சொன்னார்.

சுவிட்சைப் போட்டபோது நான் பீரோவுக்குள் தலையை விட்டிருந்தேன். வயலில் காலை பத்து மணி எப்படி இருக்குமோ அப்படி இருந்தது. கையை நீட்டினேன், என் கை என் கை நிறத்திலேயே தெரிந்தது, நிழலும் மெல்லிசாக விழுந்தது. சட்டென்று சிரித்துவிட்டேன். சந்தைக்குச் செடி கொண்டுவரும் வண்டிக்காரரிடம் மொட்டு வைக்காத மஞ்சள் சாமந்தி நாலு செடி வாங்கி, பெயிண்ட் பக்கெட்டில் ஓட்டை போட்டு நட்டேன்.

நான்கும் சும்மா இருக்கவில்லை. காலையில் பார்த்த இலை சாயங்காலம் பெரிதாக இருந்தது. நுனியைக் கிள்ளிவிட்டேன், கிளை கிளையாக அடித்தது. கம்பெனியில் வேலை செய்துகொண்டிருக்கும்போதே கை பரபரக்கும். பஸ்ஸை விட்டு இறங்கினால் நடக்க மாட்டேன், ஓடுவேன். நன்றாகப் புதர் கட்டியதும் வீடியோவில் சொன்னபடி பகலைக் குறைத்தேன். மோட்டாருக்குப் போடுகிற டைமரை என் வீட்டுக்காரர் மாட்டிவிட்டார். காலை ஏழு மணிக்கு லைட் தானாக எரியும், சாயங்காலம் ஆறு மணிக்கு அணையும். கதவு இடுக்கில் எல்லாம் கறுப்புத் துணி ஒட்டினேன். ராத்திரியில் ஊசி முனை வெளிச்சம் உள்ளே போகக் கூடாது என்பது சட்டம். இனி மொட்டுதான், அம்மா முதுகைத் திருப்பித்தான் ஆக வேண்டும் என்று ஒரே குதூகலம்.

எங்கள் தெருவில் ஒரு பழக்கம் உண்டு. யார் வீட்டில் எது புதிதாக வந்தாலும், குழந்தையோ மருமகளோ வாஷிங் மெஷினோ, தெரு மொத்தமும் ஒரு தடவை வந்து பார்த்துவிட்டுப் போகும். காட்டாமல் விட்டால் தலைக்கனம் என்பார்கள். வெறும் கையோடு பார்க்கவும் மாட்டார்கள், கொஞ்சம் சர்க்கரையோ பிஸ்கட்டோ கொண்டு வருவார்கள். பீரோவுக்குள் செடி என்ற சேதி பரவியதும் கூட்டம் வந்தது. பாதித் தெரு கம்பெனிக்கும் கூலி வேலைக்கும் போகிறவர்கள், சாயங்காலம் குளித்து, சோறாக்கி, சாப்பிட்ட பிறகுதான் வர முடியும். ஒரு தடவை பார்த்தவர்கள் தங்கள் வீட்டுக்கு வந்த உறவுக்காரர்களைக் கூட்டிக்கொண்டு மறுபடி வந்தார்கள். நானும் காட்டினேன். பெருமையில் மிதந்துகொண்டுதான் காட்டினேன். கதவைத் திறந்து, டைமரைத் தள்ளி லைட்டைப் போட்டு, "தோ பாரு, இந்த எலையப் பாரு, எவ்ளோ தடிமன்னு பாரு" என்று எல்லோரையும் தொட்டுப் பார்க்கவிட்டேன். பிள்ளைகள் போன் டார்ச்சை அடித்து அடியில் மண்ணைப் பார்த்தார்கள்.

மொட்டு வரவில்லை. வர வேண்டிய காலம் வந்தது, வரவில்லை. போய்விட்டது, அப்போதும் வரவில்லை. செடி என்னவோ கொழுகொழுவென்று இருந்தது. ஒவ்வொரு நுனியாக விரித்து விரித்துப் பார்ப்பேன், உள்ளே இன்னொரு இலை இருக்கும். வண்டிக்காரர் என்னை ஏமாற்றிவிட்டார் என்று அவரைத் திட்டினேன். கஞ்சாப் பையனைத் திட்டினேன். லைட் போதவில்லை என்று வீட்டுக்காரரைத் திட்டினேன், அவர் சட்டத்தைக் கொஞ்சம் கீழே இறக்கினார். அம்மா டீயை ஊதிக் குடித்துக்கொண்டே, பீரோ பக்கம் திரும்பாமல் கேட்டாள்:

"கீரையாட்டம் கடைஞ்சி சாப்ட்டுடலாமா?"

எனக்கு அழுகை வந்துவிட்டது. அடுப்படிக்குப் போய் பாத்திரத்தை உருட்டினேன்.

அந்த வாரம் ஒரு நாள் பஸ்ஸில், வீடியோவுக்குக் கீழே பலபேர் எழுதியிருந்ததைப் படித்துக்கொண்டு வந்தேன். பூ வரவில்லை என்று ஒருவன் புலம்பியிருந்தான். நடு ராத்திரியில் கொஞ்ச நேரம் வெளிச்சம் பட்டால்கூடச் செடி இரவு முடிந்துவிட்டதென்று நினைத்துக்கொள்ளும், திரும்ப முதலிலிருந்து ஆரம்பிக்கும், உன் அலமாரியை நன்றாக அடைத்தாயா என்று இன்னொருவன் கேட்டிருந்தான். நான் கறுப்புத் துணி எல்லாம் ஒட்டியாயிற்று என்று மனசுக்குள் அவனுக்குப் பதில் சொல்லிவிட்டு வீட்டுக்கு வந்தேன். சாப்பிட்டு முடித்ததும் பக்கத்து வீட்டு அக்கா தன் நாத்தனாரோடு வந்தாள். மாகறலிலிருந்து வந்திருக்கிறாளாம், பார்க்க வேண்டுமாம். சந்தோஷமாக எழுந்து போய் பீரோக் கைப்பிடியைப் பிடித்தேன். பிடித்த கை அப்படியே நின்றுவிட்டது.

இந்த நாள் வரைக்கும் ஒரு ராத்திரிகூட அந்தச் செடிகளை நான் இருட்டில் விட்டதே இல்லை. இடுக்கையெல்லாம் துணியால் அடைத்துவிட்டு, கதவையே திறந்து வைத்து ஊருக்குக் காட்டிக்கொண்டிருந்தேன். ஓசூர்க்காரர்கள் பல்பு போட்டுச் செய்கிற வேலையை எங்கள் தெரு பிஸ்கட் பாக்கெட்டோடு வந்து செய்துவிட்டுப் போயிருக்கிறது. தலையில் அடித்துக்கொண்டு சிரித்தேன். நாத்தனார் பயந்து இரண்டடி பின்னால் போனாள்.

"தெறக்க மாட்டேங்கா. செடி தூங்குது" என்றேன்.

"செடி இன்னாத்துக்குமே தூங்கப்போவுது?" அக்காவுக்கு முகம் வாடிவிட்டது. நாத்தனார் முன்னால் அவளுக்கு அது அவமானம். நாத்தனாரைக் கூட்டிக்கொண்டு போய்விட்டாள். மறுநாள் தண்ணீர்க் குழாயடியில் என்னோடு பேசவில்லை. அதற்கு மறுநாள் குழாயடியில் யாருமே பேசவில்லை.

என்ன செய்வது? காட்டினால் பூ வராது, காட்டாவிட்டால் தெரு பேசாது. என் வீட்டுக்காரர் ஞாயிற்றுக்கிழமை மட்டும் காட்டலாம் என்றார். ஞாயிற்றுக்கிழமையும் பாதிப் பேருக்கு ஓவர்டைம். கம்பெனி பஸ்ஸில் ஜன்னலில் தலையைச் சாய்த்துக்கொண்டு இதையே யோசித்தேன். எதிரே வந்த பஸ்ஸில், காலைவரை ஓவர்டைம் பார்த்துவிட்டுத் திரும்பும் செகண்ட் ஷிப்ட் ஆட்கள் நிறையப் பேர் தூங்கிக்கொண்டிருந்தார்கள். அவர்களுக்கு நாள் மத்தியானத்தில்தான் தொடங்குகிறது, என்ன கெட்டுப்போயிற்று? எனக்குத் தூக்கிவாரிப்போட்டது. செடியை மட்டும் எதற்கு ஜெனரல் ஷிப்டில் போட்டு வைத்திருக்கிறேன்? பீரோவுக்குள் இருக்கிற சூரியன் என் டைமரில் இருக்கிறது. அதற்கு விடியும் நேரம் நான் வைத்ததுதானே!

பஸ்ஸிலிருந்தே போன் போட்டேன். "டைமர மாத்தணும்யா. மதியானம் பன்னெண்டுக்கு எரியணும், ராத்திரி பதினொண்ணுக்கு அணையணும்."

"ராத்திரில பகலா?"

"தெருவே ராத்திரிலதான வருது!"

அன்றைக்கே மாற்றினார். நான் குழாயடிக்குப் போய் எல்லோருக்கும் கேட்கிற மாதிரி அறிவித்தேன்: செடி இனிமேல் செகண்ட் ஷிப்ட், சாயங்காலத்திலிருந்து படுக்கப்போகிற வரைக்கும் யார் வேண்டுமானாலும் வரலாம், காலையில் மட்டும் எவனாவது கதவைத் தொட்டால் கையை ஒடிப்பேன். முதலில் சிரித்தது பக்கத்து வீட்டு அக்காதான். "எங்களுக்காவ சூரியனையே மாத்திட்டியாமே நீ" என்றாள். நாத்தனாரைத் திரும்ப மாகறலிலிருந்து வரவழைத்தாள்.

ஆடி பிறந்த சமயத்தில் ஒரு நுனியை விரித்தேன். உள்ளே இலை இல்லை. மிளகளவு பச்சையாக உருண்டையாக ஒன்று. அடுத்த நுனியைப் பார்த்தேன், அதிலும் ஒன்று. நான் போட்ட சத்தத்தில் என் வீட்டுக்காரர் ஷாக் அடித்துவிட்டதென்று மெயின் சுவிட்சை அணைத்துவிட்டு ஓடி வந்தார். இருட்டில் இரண்டு பேரும் கட்டிப்பிடித்துக்கொண்டு நின்றோம். அம்மாவிடம் சொல்லவில்லை. சொல்லக் கூடாதென்று தெருவில் எல்லோரிடமும் சத்தியம் வாங்கினேன். ஆச்சரியம், யாரும் சொல்லவில்லை. அவளைப் பார்த்ததும் வாயை மூடிக்கொண்டு சிரிப்பார்கள், அவள் என்னவோ ஏதோ என்று முறைப்பாள்.

மொட்டு பருத்து, நுனி பிளந்து, மஞ்சள் எட்டிப் பார்த்தது. ஒரு வியாழக்கிழமை சாயங்காலம் வீட்டுக்கு வந்து பார்த்தபோது முன்வரிசையில் ஏழெட்டுப் பூ முழுதாக மலர்ந்திருந்தது. பின்னால் இன்னும் எத்தனையோ. டியூப் வெளிச்சத்தில் மஞ்சள் அசல் மஞ்சளாக இருந்தது. நான் சேலைகூட மாற்றவில்லை. அம்மா வழக்கம்போல வந்து, முதுகைக் காட்டி உட்கார்ந்து, டீக்குக் கை நீட்டினாள். டீ கொடுக்கவில்லை. இரண்டு கதவையும் அகலத் திறந்தேன். வெளிச்சம் அவள் முதுகைத் தாண்டி எதிர்ச் சுவரில் விழுந்தது. அவள் தன் நிழலைக் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்தாள். வாசனை பட்டதும் மூக்கை உயர்த்தினாள். பிறகு திரும்பினாள்.

எழுந்து வந்தாள். கையை நீட்டி ஒரு பூவின் அடியில் விரலைக் கொடுத்து நிமிர்த்திப் பார்த்தாள். பறிக்கவில்லை. இலையைத் தள்ளிவிட்டு உள்ளே இருப்பவற்றையும் ஒவ்வொன்றாகத் தொட்டாள்.

"பறிம்மா" என்றேன்.

"இன்னா அவசரம்? ஓடியா போவுது?" என்றாள். பீரோ முன்னாலேயே தரையில் உட்கார்ந்துவிட்டாள். முகம் முழுக்க வெளிச்சம். பார்த்துக்கொண்டே இருந்தாள். நானும் அவள் பக்கத்தில் உட்கார்ந்துகொண்டேன்.

அப்போது அவள் போன் அடித்தது. பூத்தோட்டத்து மேஸ்திரி. அவர் பேசினால் தெருமுனை வரைக்கும் கேட்கும். நாளைக்கு ஆடி வெள்ளி, கோயிலுக்கெல்லாம் பூ போகணும், ஆள் குறைகிறது, கொஞ்சம் முன்னாலேயே வந்துவிடு என்றார். அம்மா பூவைப் பார்த்தபடியே போனைக் காதில் வைத்திருந்தாள்.

"நாளைக்கி வரல மேஸ்திரி."

"இன்னாம்மா, ஒடம்பு சரியில்லியா?"

"ஒடம்புக்கு ஒண்ணும் இல்ல. நாளைக்கி எங்க தோட்டத்துல பூ எடுக்கணும்."

"உங்க தோட்டமா? எங்க கீது?"

"இங்கதான், எம் பொண்ணு வூட்டாண்ட. ஆளு நான் ஒருத்திதான்."

போனை வைத்துவிட்டு என் பக்கம் திரும்பினாள். காலையில் எத்தனை மணிக்கு எடுக்க ஆரம்பிக்கலாம், இருட்டோடு வந்துவிடட்டுமா என்று கேட்டாள்.

"நம்ம தோட்டத்துல மதியானம் பன்னெண்டுக்குதாம்மா விடியும். அதுக்கு முன்னாடி தெறக்கக் கூடாது" என்றேன்.

அம்மா பீரோவைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள்.

"அப்ப நல்லா தூங்கிட்டு வரேன்" என்றாள்.